கோலாலம்பூரில் மலாய் கற்க எந்த வகுப்பு? தஞ்சம் கோரி வந்த தமிழர்களுக்கு ஓர் ஒப்பீடு

இலங்கையிலிருந்து வந்து கோலாலம்பூரில் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எங்களைப் போன்ற தன்னார்வலர்களிடம் அடிக்கடி கேட்பது இது: மலாய் படிக்க எங்கே போகலாம்? சிலர் அதற்கு முன்பே வேறொன்றைக் கேட்டுவிடுவார்கள். மலாய் எதற்கு, ஆங்கிலம் படித்தால் போதாதா? இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் தெளிவு வராமல் வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்கள் பாதியில் நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலம் கேட்பவர்களின் நியாயம் எல்லோருக்கும் புரியும். இந்த நாடு இடைத்தங்கல்தான், அடுத்து ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா என்று நினைத்துத்தான் வந்தார்கள். ஆனால் உலகம் முழுவதும் பார்த்தால், ஓர் ஆண்டில் மூன்றாவது நாட்டுக்குக் குடியமர்த்தப்படுபவர்கள் அகதிகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மலேசியாவிலிருந்து மிக அதிகமானோரை எடுத்துக்கொண்ட அமெரிக்காவும் 2025 ஜனவரியில் தன் அகதிகள் குடியமர்த்தல் திட்டத்தை நிறுத்திவைத்தது. காத்திருப்பு இரண்டு வருடம், மூன்று வருடம் என்று கணக்குப் போட்டவர்கள் இங்கேயே பிள்ளை பெற்று அந்தப் பிள்ளையைப் படிக்கவும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு காலம் ஒரு ஊரில் இருக்கப்போகிறவருக்கு அந்த ஊர் மொழி வேண்டும்.

தமிழை வைத்துச் சமாளிக்கலாம் என்பதும் ஓரளவு உண்மைதான். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், மஸ்ஜித் இந்தியா பக்கம் இருந்தால் மளிகை வாங்க, முடி வெட்ட, கோயிலுக்குப் போக மலாய் தேவைப்படாது. அந்த வசதியே ஆபத்து என்பேன். பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் கூடி அரசாங்க மருத்துவமனைக்கு ஓடும்போது முகப்பில் தமிழ்த் தாதி இருந்தால் அது அதிர்ஷ்டம். சாலைத் தடுப்பில் நிறுத்தும் போலீஸ்காரர் மலாயில்தான் கேட்பார். வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு ரொஹிங்யா அம்மா, வேலையிடத்தில் கூட நிற்கும் நேப்பாளி, வங்காளதேசத்துப் பையன் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதும் மலாய்தான். அதனால் என் கருத்து: வேறு நாட்டுக்குப் போகும் தேதி கைக்கு வந்துவிட்டவர் நேராக ஆங்கிலத்துக்குப் போகட்டும். மற்ற எல்லோரும் முதல் ஆறு மாதத்தை மலாய்க்குக் கொடுங்கள், ஆங்கிலத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, எங்கே படிப்பது? மற்ற நாடுகளில் இதை அரசாங்கமே ஏற்பாடு செய்கிறது. ஜெர்மனியின் ஒருங்கிணைப்புப் பாடத்திட்டத்தில் மொழிக்கு மட்டும் 600 பாடவேளை, நாட்டைப் பற்றி அறிய இன்னும் 100. ஆஸ்திரேலியா புதிதாகக் குடியேறியவர்களுக்கு 1948 முதல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறது. மலேசியா ஐ.நா.வின் 1951 அகதிகள் ஒப்பந்தத்திலும் அதை விரிவாக்கிய 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடாத நாடு. அகதி என்ற தகுதியே இங்கே சட்டத்தில் கிடையாது, ஆகவே அகதிகளுக்கென்று அரசாங்க மொழி வகுப்பும் கிடையாது. தொண்டு நிறுவனங்கள், தேவாலயங்கள், அகதிகளே நடத்தும் சங்கங்கள், தனி ஆட்கள் என்று ஆளுக்கொரு விதமாக நடத்துகிறார்கள். அற்புதமான வகுப்பும் இருக்கிறது, நேரத்தை வீணாக்கும் வகுப்பும் இருக்கிறது. தரம் பார்க்கும் அதிகாரி எவரும் இல்லாததால் அந்த வேலை படிக்க வருகிறவர் தலையில் விழுகிறது.

எதை வைத்து ஒப்பிடுவது என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது பாதையை. ஆசிரியர் யார், புத்தகம் எது என்பதெல்லாம் அப்புறம். குடிநுழைவுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி அனுமதியின்றித் தங்கியிருப்பது குற்றம். 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, பிரம்படிகூட அதில் எழுதியிருக்கிறது. யூஎன் கார்டு, அதாவது ஐ.நா. அகதிகள் அமைப்பான யூஎன்எச்சிஆர் கொடுக்கும் அட்டை, கையில் இருந்தால் பல நேரங்களில் விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தக் கார்டுக்குச் சட்டப்படியான பலம் இல்லை. தடுப்பு முகாமுக்குள் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். 2019 ஆகஸ்ட் முதல் யூஎன்எச்சிஆர் அதிகாரிகளே அங்கே உள்ளே போக முடிவதில்லை. கார்டு இன்னும் கைக்கு வராதவர் இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்து இரண்டு ரயில் மாறி வீடு திரும்ப வேண்டும் என்றால், அந்த வகுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவருக்கு ஏற்றது இல்லை. செலவும் சேர்கிறது. உள்ளூர்க்காரர்கள் 50 வெள்ளிக்கு வாங்கி மாதம் முழுக்கச் சுற்றும் மை50 பயண அட்டை குடிமக்களுக்கு மட்டுமே. நீங்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். இலவச வகுப்பு என்று போய்ப் பயணச் செலவு தாங்காமல் நின்றவர்கள் உண்டு.

அடுத்தது மணிக்கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுகிறவர் அலுவல் அளவுக்கு மலாய் பேச ஏறக்குறைய 900 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்கிறது. நமக்கு அந்த அளவு தேவையில்லை. மருத்துவரிடமும் வீட்டுக்காரரிடமும் பேச வந்தால் போதும். அப்படியே வைத்துக்கொண்டாலும், வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்றால் ஒரு வருடம் விடாமல் போனாலும் நூறு மணி நேரம்தான் ஆகிறது. இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. வாரம் ஒரு நாள் வகுப்பை மட்டும் நம்பியிருக்கக்கூடாது, மீதி ஆறு நாளும் பேசுவதற்கு எது இடம் கொடுக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவதாக, முதல் மாதத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ‘பாச்சா’ (படி) எப்படி ‘மெம்பாச்சா’ ஆகிறது, ‘துலிஸ்’ (எழுது) எப்படி ‘மெனுலிஸ்’ ஆகிறது என்று முன்னொட்டு இலக்கணத்தில் தொடங்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த இலக்கணம் பின்னால் வேண்டும்தான், முதல் மாதத்தில் வேண்டாம். புத்தகத்தில் ‘திடாக் மாஹு’ (வேண்டாம்) என்று இருப்பதைத் தெருவில் ‘தாக் நாக்’ என்பார்கள். ‘சுடா’ (ஏற்கெனவே) என்பது ‘டா’ ஆகிவிடும், ‘டி மானா’ (எங்கே) என்பது ‘காட் மானா’ ஆகிவிடும். எழுத்து மலாய் மட்டும் படித்துவிட்டு வெளியே வருகிறவருக்கு எதிரே நிற்பவர் பேசுவது வேறு மொழி மாதிரி கேட்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

இனி வகுப்புகளுக்கு வருகிறேன்.

தமிழ்த் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்பைத்தான் பெரும்பாலானோர் முதலில் தேடுகிறார்கள். கோயில் மண்டபத்திலோ யாராவது வீட்டு வரவேற்பறையிலோ நடக்கும். அதன் பலம் விளக்கம். மலாயில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது, செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் வரும், நாம் ‘வீட்டில்’ என்று பின்னால் ஒட்டுவதை அவர்கள் ‘டி ருமா’ என்று முன்னால் வைப்பார்கள். இதையெல்லாம் தமிழில் சொன்னால் ஒரே மாலையில் புரிந்துவிடும். மலாய் ஆங்கில எழுத்தில்தான் எழுதப்படுகிறது, அதில் ஒரே ‘e’ எழுத்துக்கு இரண்டு ஒலி உண்டு என்பதையும், எங்கே எது வரும் என்பதையும் தமிழ்ப் பள்ளியில் படித்து வளர்ந்த உள்ளூர் அக்காவைப் போல வேறு யாராலும் சொல்ல முடியாது. அவரும் அதே இடத்தில் தடுக்கியவர்தான். வயதானவர்கள், பள்ளிப் படிப்பு நின்றுபோனவர்கள், வெளியே வரவே பயப்படுகிறவர்கள் இங்கே தொடங்குவது நல்லது. தொலைவில் நடந்த சண்டையையும் இழப்பையும் பற்றி ஒரு வார்த்தை பேச நேர்ந்தாலும் புரிந்துகொள்ள ஆள் இருக்கிறது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. இரண்டு மணி நேர வகுப்பில் ஒன்றரை மணி நேரம் தமிழ் ஓடிவிடும். வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போதும் தமிழ்தான். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் நிறையச் சொற்கள் தெரியும், வாய் மட்டும் திறக்காது. இன்னொரு சிக்கல், நடத்துபவர்களுக்கு வேலையும் குடும்பமும் இருக்கிறது. தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை, உடல்நலக் குறைவு என்று இடைவெளி விழும். ஒரே ஆளை நம்பி நடக்கிறதா, அவர் வராத நாளில் இன்னொருவர் எடுப்பாரா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நல்ல மனதோடு நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள்.

இரண்டாவது, கலப்பு வகுப்பு. அகதிச் சமூகங்களின் கற்றல் மையங்களிலோ தொண்டு நிறுவனங்களிலோ நடப்பது. அகதிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லாததால் இப்படிப்பட்ட மையங்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. சிலவற்றில் பிள்ளைகள் போன பிறகு பெரியவர்களுக்கும் வகுப்பு வைக்கிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பல மையங்களில் பெரியவர்களுக்கு நடப்பது ஆங்கில வகுப்புதான். மொழி வகுப்பு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள், மலாய் வகுப்பு உண்டா என்று கேளுங்கள்.

இந்தக் கலப்பு வகுப்பு நம் ஆட்களுக்கு ஆரம்பத்தில் பிடிப்பதில்லை. மியன்மாரிலிருந்து வந்தவர்கள் பெரும்பான்மை, ஆப்கானியர், சோமாலியர் என்று எல்லோரும் இருப்பார்கள். யாருக்கும் தமிழ் தெரியாது. ஆசிரியர் சொல்வதில் பாதி புரியாது. ஆனால் இதைத்தான் நான் மிக உயர்வாக வைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரொஹிங்யா அண்ணனிடம் பேனா கேட்கவும் மலாய் வேண்டும், எந்த பஸ்ஸில் வந்தாய் என்று கேட்கவும் மலாய் வேண்டும். அவர்களில் பலர் இங்கே பல வருடமாக இருப்பவர்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் சந்தை மலாயைச் சரளமாகப் பேசுவார்கள். எந்தக் கிளினிக்கில் எப்படி நடத்துகிறார்கள், யூஎன் கார்டு இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கழியும் என்பதை முகப்பில் எப்படிச் சொல்வது என்றெல்லாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். எந்தப் பாடப்புத்தகத்திலும் அது வராது.

கலப்பு வகுப்பில் கவனிக்க வேண்டியது நிலைப் பிரிவு. ஆங்கில எழுத்தே அறியாதவரையும் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்தவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் இருவருக்குமே நஷ்டம். முன்னவர் அ, ஆ போல எழுத்திலிருந்து தொடங்க வேண்டும், பின்னவர் நாலாவது நாளிலேயே சலித்துப்போவார். முதல் நாள் உங்களோடு கொஞ்சம் பேசிப் பார்த்து, எழுதச் சொல்லிப் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கிறார்களா என்று பாருங்கள்.

தனியார் மொழி நிலையங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாடத்திட்டம் ஒழுங்காக இருக்கும், ஆசிரியர் நேரத்துக்கு வருவார், கட்டணம் நம் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. அங்கே படிப்பவர்கள் நிறுவன வேலைக்கு வந்த வெளிநாட்டவர்கள். அவர்களுக்கு வேண்டிய மலாய் வேறு, உங்களுக்கு வேண்டிய மலாய் வேறு. சான்றிதழ் கிடைக்குமே என்பார்கள். அகதிகளுக்கு இங்கே சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லாத நிலையில் அந்தச் சான்றிதழைக் காட்டி எந்த வேலையில் சேர்வது? கடன் வாங்கிச் சேராதீர்கள். யாராவது கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் அது வேறு விஷயம்.

கைபேசி வழியாகப் படிப்பது பலருக்கு ஒரே வழியாக இருக்கிறது, குறிப்பாக உணவகச் சமையலறையில் இரவு பதினொன்று வரை நிற்கிறவர்களுக்கு. அதில் ஓர் எச்சரிக்கை அவசியம். இலவசச் செயலிகளில் எளிதாகக் கிடைப்பது இந்தோனேசிய மொழி. இரண்டும் ஒன்றுதானே என்று தொடங்கிவிடுகிறார்கள். நெருங்கிய மொழிகள்தான், ஆனால் தினசரிச் சொற்களில் இடறும். இங்கே ‘கெரேத்தா’ என்றால் கார், அங்கே ரயில். இங்கே ‘பெஜாபாட்’ அலுவலகம், அங்கே அதிகாரி. இங்கே இலவசம் என்பதற்கு எழுதி வைத்திருக்கும் ‘பெர்ச்சுமா’ அங்கே வீண் என்று பொருள்படும். ஆகவே மலேசிய மலாய் என்று தெளிவாகப் போட்டிருக்கும் காணொளிகளையே பாருங்கள். மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பகாசா டான் புஸ்தாகாவின் இணைய அகராதி இலவசம், சந்தேகம் வந்தால் அதில் பார்க்கலாம். கைபேசியில் குரல் பதிவாகப் பாடம் அனுப்பி, நீங்கள் பேசி அனுப்பியதைக் கேட்டுத் திருத்தும் வாட்சப் குழு அமைந்தால், வெறும் செயலியைவிட அது எவ்வளவோ மேல். திருத்த ஆள் இல்லாமல் படித்த உச்சரிப்பை அப்புறம் மாற்றுவது மிகக் கடினம்.

வேலையிடத்திலேயே பழகிக்கொள்கிறேன் என்கிறவர்களும் உண்டு. செலாயாங் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் எண்களையும் காய்கறிப் பெயர்களையும் எந்த வகுப்பையும்விட வேகமாகக் கற்றுவிடுவார், அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவர் காதில் விழுவது பெரும்பாலும் ஏவல் மொழி. தூக்கு, வை, சீக்கிரம் வா. அதைத் திரும்பப் போய் மருத்துவரிடமோ அதிகாரியிடமோ பேசினால் மரியாதைக் குறைவாகத் தெரியும். ‘என்சிக்’ (ஐயா), ‘புவான்’ (அம்மா), ‘தோலோங்’ (தயவுசெய்து) என்று மரியாதையாகத் தொடங்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் முகப்பில் கிடைக்கும் பதில் வேறுவேறு. வேலையில் பழகுகிறவருக்கும் மரியாதைப் பேச்சைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு, குறுகிய காலத்துக்காவது, வேண்டும்.

எந்த வகுப்பானாலும் இரண்டு விஷயங்களில் கறாராக இருங்கள். ஒன்று உங்கள் விவரம். பெயர், தொலைபேசி எண் கேட்பது சரி. கடப்பிதழின் (பாஸ்போர்ட்) நகல், கோப்பு எண், ஊர் விவரம் எல்லாம் எதற்கு, யார் வைத்திருப்பார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வகுப்பில் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடும் பழக்கம் நல்லெண்ணத்தில் வருவதுதான், ஆனால் ஊரில் இன்னும் உறவினர்கள் இருப்பவருக்கு அந்த ஒரு படம் பெரிய தொல்லையாக முடியலாம். என் முகம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை மதிக்காத வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று பணம். இந்த வகுப்பில் சேர்ந்தால் கார்டு சீக்கிரம் கிடைக்கும், நேர்காணல் தேதி முன்னால் வரும் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. யூஎன்எச்சிஆர் சேவை எதற்கும் கட்டணம் கிடையாது.

சேர்ந்து ஆறு, ஏழு வாரம் ஆனதும் நீங்களே சோதித்துப் பாருங்கள். கிளினிக்கில் ‘நொம்போர் தீகா புலோ லிமா’ என்று கூப்பிட்டால், திரையைப் பார்க்காமல் அது முப்பத்தைந்து என்று உடனே எழுந்திருக்க வருகிறதா? பிள்ளைக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல், வாந்தி உண்டா என்று சொல்ல வருகிறதா? வீட்டுக்காரர் தொலைபேசியில் பேசினால், முகம் பார்க்காமலே புரிகிறதா? உங்கள் பெயர், எங்கே தங்கியிருக்கிறீர்கள், யூஎன் கார்டு இருக்கிறது என்பதை நடுங்காமல் சொல்ல வருகிறதா? நான்கில் ஒன்றும் வரவில்லை என்றால் வகுப்பை மாற்றுங்கள். ஆசிரியர் நல்லவர், மனம் நோகுமே என்று தயங்கி இருந்துவிடுவது நம் ஆட்களின் குணம். அவர் மனம் ஆறிவிடும், உங்கள் மாதங்கள் திரும்பி வராது.

என்னிடம் நேரில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முதல் ஆறு, ஏழு வாரம் வீட்டுக்குப் பக்கத்தில் தமிழ் வகுப்பு, அதன் பிறகு கலப்பு வகுப்பு. அடித்தளத்தைத் தமிழில் புரிந்துகொண்டு போனால் கலப்பு வகுப்பின் முதல் அதிர்ச்சி பாதியாகக் குறைகிறது. ஆங்கில எழுத்து நன்றாகத் தெரிந்த, வெளியே போய்வரத் தைரியமுள்ள இளைஞர்கள் தமிழ் வகுப்பையே விட்டுவிட்டு நேராகக் கலப்பு வகுப்புக்குப் போகட்டும். கார்டு இன்னும் வராதவர்கள், தூரம் போக முடியாதவர்கள் வாட்சப் வகுப்போடு தொடங்கி, நடந்து போகும் தூரத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளட்டும். இரவு வேலைக்காரர்களுக்குக் காலை வகுப்பு நடத்தும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அது அரிதாகத்தான் கிடைக்கிறது.

இந்தக் கணக்கு எதிலும் அடங்காமல் போகிறவர்கள் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்கள். கிளினிக்குக்கும் பிள்ளையின் கற்றல் மையத்துக்கும் அதிகம் போகிறவர்கள் அவர்கள்தான், மலாய் மிகவும் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்று கேட்டால் பெரும்பாலான வகுப்புகளில் ஒரு தயக்கம் தெரியும். கணவர் படித்துவிட்டு வந்து சொல்லிக்கொடுப்பார் என்ற ஏற்பாடு பல வீடுகளில் பேச்சோடு நின்றுவிடுகிறது. ஆகவே குடும்பமாகத் தேர்ந்தெடுக்கும்போது, ஒருவர்தான் போக முடியும் என்ற நிலை வந்தால், மனைவியை முதலில் அனுப்புங்கள் என்று சொல்லிவருகிறேன். உள்ளூர்த் தமிழர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மலாய் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாதே என்று ஒதுங்குகிறவர்கள், உங்கள் பக்கத்து வகுப்பு நடக்கும் அந்த இரண்டு மணி நேரம் அடுத்த அறையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று நடத்துபவரிடம் கேளுங்கள். பெரும்பாலான வகுப்புகளில் அப்படி ஓர் ஆள் இல்லாததால்தான் அந்தத் தாய்மார்கள் வராமல் இருக்கிறார்கள்.